சாட்சி சொல்ல வேண்டாம்

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் குந்தியிருந்து தன்னுடைய வெள்ளைச் சட்டைக்குச் சவர்க்காரம் போட்டுக் கொண்டிருந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிசன் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்ததை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து ஒரு மாதம் ஆகவில்லை, எழும்பி நின்றாலே கால் நடுங்குகிற ஆள், தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு காலரை இரண்டு பெருவிரலாலும் தேய்க்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கொண்டாங்க இங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இருக்கட்டும் புள்ள. நாளைக்குப் போடுற சட்டை. நானே கசக்கிக்கிறேன்."

"நாளைக்கு என்னா விசேசம்?"

"சாட்சி சொல்லணும்ல. பாஸ்டர் ஐயா கேட்டாரு."

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சட்டையைப் பிழிந்து கொண்டிருந்தார். பிழிவதற்கும் தெம்பு இல்லை, தண்ணீர் அப்படியே ஒழுகிக் கொண்டிருந்தது. "நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்" என்றேன். அவர் சிரித்தார். அழகமுத்து என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும், வேறு அழகு ஒன்றும் அவரிடம் கிடையாது.

எங்கள் ஜெபவீடு தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடம். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுத் தேயிலை வைத்த பிறகு சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்து, உட்கார வாங்கு போட்டுக் கும்பிடுகிறோம். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் அந்தப் புகை வாடை போகவில்லை. மழை நாளில் பாட்டுப் படிக்க வாயைத் திறந்தால் தொண்டையில் ரப்பர் நாற்றம் வந்து ஏறும். பாட்டு முடிந்ததும் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். அந்த வாரத்தில் ஆண்டவர் கையால் நல்லது பெற்றவர்கள் எழும்பி நின்று அதைச் சபைக்கு முன்னால் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்பார்கள். பக்கத்து லய வரிசையில் இருக்கிற புஷ்பம் அக்கா வாராவாரம் எழும்புவாள். பசு கன்று போட்டது, பல்வலி நின்றது, காணாமல் போன கோழி தானாகத் திரும்பி வந்தது, எல்லாமே அவளுக்குச் சாட்சிதான். அந்தக் கோழிக்கும் சேர்த்து நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம்.

நான் எழும்புவதில்லை. முன்பு எழும்பியிருக்கிறேன், இரண்டே தடவை.

முதல் தடவை, தோட்டத்துக்காரர்கள் எங்கள் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டபோது. எத்தனை வருசம் சட்டி பானை வைத்து ஒழுக்குப் பிடித்தவள் நான், சந்தோசம் தாங்க முடியாமல் எழும்பிச் சொன்னேன். அந்த மாதமே காற்று வந்தது. லயத்தில் மற்றவர்களுடைய தகரமெல்லாம் அப்படியே இருக்க, நாங்கள் குடியிருக்கிற காம்பராத் தகரம் மட்டும் கழன்று போய்க் கீழே தேயிலைக்குள் கிடந்தது. சரி, ஆணி ஒழுங்காக அடிக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவை சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. எங்கள் ஒரே மகள் தனுஜாவைப் பலாங்கொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பல வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் தலை சுற்றுது, வாந்தி வருது என்று போன் எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அழுதுகொண்டே சாட்சி சொன்னேன். சபையே கண்ணைத் துடைத்தது. மறு ஞாயிறு வருவதற்குள் பிள்ளை தங்கவில்லை என்று மருமகன் போனில் அழுதான். அன்றைக்கு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். இந்த வாய்தானே சொன்னது? கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

ஆண்டவர் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. தருகிறவர் அவர்தான் என்பது நன்றாகத் தெரியும். தந்ததை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் பயம். கொழுந்து மலையில் வேலை செய்கிறவளுக்கு இந்தப் பயம் கையோடு பிறந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துக் கொழுந்து பொலிந்து நிற்கிற நாளில் எங்கள் கேங்கில் யாரும் முழுவதையும் நிறுவைக்குக் கொண்டு போக மாட்டார்கள். கொண்டு போய்க் கொட்டினால், எடுக்க முடியுதுதானே என்று மறுநாளிலிருந்து அவ்வளவு கிலோவையும் எல்லோர் தலையிலும் கட்டிவிடுவார்கள். அதற்குக் குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதனால் கையோட்டமுள்ளவள் தன் கொழுந்தை அள்ளி, காய்ச்சலோடு வந்தவளின் சாக்கில் போடுவாள். அதற்கும் மிஞ்சினால் பார்த்தும் பார்க்காதது மாதிரி செடியிலேயே விட்டுவிட்டு வருவோம். நல்ல நாளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கங்காணியிடம் இதெல்லாம் செல்லும். ஆண்டவரிடம் எப்படி ஒளிப்பது என்பதுதான் எனக்கு விளங்காத இடம். சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள். சொன்னால் கொடுத்ததைப் பறி கொடுத்தவள். இரண்டு பக்கமும் பயந்து பயந்தே நான் பாதியாகிப் போனேன்.

அவருக்கு வந்தது எலிக்காய்ச்சல். பெல்மதுளைக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக ஒரு மாணிக்கக் குழியில் சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கி மண் வாரிக் கொடுக்கிற வேலைக்குப் போனார். குழியில் இறங்குகிறவர்களுக்கென்று கிராமத்துச் சுகாதார ஐயா மாத்திரை கொடுத்திருக்கிறார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாரே தவிர வாயில் போடவில்லை. முதலில் கெண்டைக்கால் வலி, பிறகு காய்ச்சல், பிறகு கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி சிவந்துவிட்டது. ஒருநாள் காலையில் "புள்ள, ஒன்னுக்கு வர மாட்டேங்குது" என்றார். சந்திக் கடை கபூர் நானாதான் தன்னுடைய வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே போனதும் இரண்டு கிட்னியும் நின்றுவிட்டது என்றார்கள். இரத்தத்தைக் குழாயில் எடுத்து மெஷினில் சுத்தம் பண்ணித் திருப்பி ஏற்றினார்கள். உடம்பு முழுக்க மஞ்சள் பூத்து, உதடு வெடித்து, பேச்சில்லாமல் கிடந்தார். நான் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து "ஆண்டவரே, இவரைக் குடுத்துருங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேரம் பேசவில்லை. இன்னது செய்கிறேன் என்று நேர்ந்துகொள்ளவும் இல்லை, அதற்கும் பயம்தான்.

கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் கிடையாது. காலையில் அவர் கண்ணைத் திறந்தால் முதலில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவர் கக்கூசுக்குப் போனால் பின்னாலேயே போய், வந்ததா, எவ்வளவு, என்ன நிறம் என்று கேட்பேன். "இதுக்கு ஒரு கங்காணி வேலை போட்டுக் குடுத்திருக்காங்க ஒனக்கு" என்று சிரிப்பார். போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனோம். மருந்து எடுக்கிற வரிசை வெளி ரோடு வரைக்கும் நின்றதால் நான் அதில் இடம்பிடித்து நிற்க, அவர் மட்டும் உள்ளே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "என்னா சொன்னாரு?" என்றேன். "திரும்ப வரச் சொல்லியிருக்காரு. வா, பசிக்குது" என்றார். பசிக்கிறது என்று அவர் சொன்னதே எனக்குப் பெரிய காரியம். சந்தோசத்தை முகத்தில் காட்டாமல் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி நான் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக் கொண்டு வருகிற நேரத்தில்தான், இந்த மனிசன் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, சபைக்கு முன்னால் நின்று, சுகமாகிவிட்டேன் என்று சொல்லப் போகிறாராம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த வார்த்தை காற்றில் போய்விடுமே. அதற்குப் பிறகு அதை யார் கேட்பார்கள், எது கேட்கும், என்ன கணக்குப் போடும்?

பகல் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சந்திக்கு இறங்கினேன். பாஸ்டர் ஐயா அங்கேதான் வாடகை வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துக் காலில் விழுந்தாவது இதை நிறுத்த வேண்டும். வழியில் கபூர் நானா கடை. பாதித் தட்டு வெறுமையாகக் கிடந்தது, வாசலில் நிற்கிற வேனையும் காணவில்லை.

"எப்படி ஈக்கிறாரு தங்கச்சி?" என்றார்.

"இருக்காருங்க நானா." நல்லா இருக்கிறார் என்று நான் யாரிடமும் சொல்லுவதில்லை. "ஒங்களுக்கு யாவாரம் எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ். வேன் எஞ்சின் பொய்த்து. சாமான் எடுக்கவும் வழியில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எஞ்சின் போனதுக்குமா நானா ஆண்டவருக்கு நன்றி சொல்லுவீங்க?"

"எஞ்சினுக்கு ஆரு சென்ன? காலயில எழும்பினேன், நாக்கு ஈந்திச்சி, சென்னேன்." அவர் பருப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எஞ்சின் போனவருக்குப் பயம் இல்லை, போக ஒன்றும் மிச்சம் இல்லை என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

பாஸ்டர் ஐயா வயதில் என் மருமகனை விடச் சின்னவர். வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் பம்பைப் போட்டுவிட்டுக் கதிரை எடுத்து வந்தார்.

"ஐயா, நாளைக்கு எங்க வீட்டுக்காரரைச் சாட்சிக்கு எழுப்பாதீங்க."

"ஏம்மா, சுகமில்லையா?"

"சுகம் எல்லாம்... அது இருக்கட்டும் ஐயா. ஒடம்பு தேறட்டும். இன்னும் ரெண்டு மூணு கிளினிக் போகட்டும். அப்பறம் நீங்க கேட்டா அவரு மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் கேக்கலையேம்மா. அவருதான் புதன்கிழமை ஜெபவீட்டுக்கு என்னைத் தேடி வந்தாரு. மேட்டுல ஏறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாரு. இந்த ஞாயித்துக்கிழமையே சொல்லணும், தள்ளிப் போட முடியாதுன்னாரு."

புதன்கிழமை நான் மலையில் இருந்தேன். அவர் வீட்டில் படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிசன், பாஸ்டர் கேட்டார் என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காதது இன்னும் பயமாக இருந்தது. "நன்றி சொல்ல வர்றவரை நான் எப்படிம்மா வேணாங்கிறது?" என்று பாஸ்டர் ஐயா கேட்டார். பருப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஏறினேன். சாயந்தரம் வீட்டில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், சத்தம் போட்டேன், அழுதும் பார்த்தேன். "பேசாம படு புள்ள" என்றார். தனுஜாவுடைய பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "அது ஒன் வாயால இல்ல" என்றார். நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. மழையைக் காரணம் சொல்லி நிறுத்தப் பார்த்தேன், அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். மேல் டிவிசனுக்கு ஏறுகிற ரோட்டில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் "திரும்பிருவோமா?" என்று கேட்டேன். ஜெபவீட்டுக்குள் புகை வாடையும் நனைந்த துணி வாடையும் கலந்து அடித்தது. ஆண்கள் வாங்கில் கடைசி ஆளாக அவரும், நடுவழிக்கு இந்தப் பக்கம் அவருக்கு நேராக நானும் உட்கார்ந்தோம். பாட்டு ஓடியது. எனக்கு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. புஷ்பம் அக்கா முதலில் எழும்பி, மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததைச் சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஐயோ அக்கா, ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்லுகிறாய் என்று எனக்கு அவளுக்காகவும் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

பிறகு அவர் எழும்பினார். முன் வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை உடம்பில் நிற்காமல் தோளில் தொங்கியது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு இப்பிடி நின்னு பேசிப் பழக்கம் இல்ல. ஆஸ்பத்திரியில எனக்குத் தண்ணி அளந்துதான் குடுத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். நாக்கு ஒட்டிக்கிரும். பக்கத்துக் கட்டில்ல ஒரு மாத்தயா இருந்தாரு, சிங்கள ஆளு, வயல் வேலை. அவருக்கும் எனக்கு வந்ததேதான். அவரு தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போயிட்டாரு. நான் இருக்கேன். இப்ப வீட்டுல தாகம் எடுத்தா எந்திரிச்சுப் போயி ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறேன். யாரும் அளக்கல. அது என்னா ருசின்னு ஒங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதுன்னு தெரியல. அதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

பரவாயில்லை, தேத்தண்ணீரோடு நின்றது என்று நான் மூச்சு விட்டேன். முன்னால் இருந்தவர்கள் "ஸ்தோத்திரம்" என்று சொல்ல வாயெடுத்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் இருக்கு. எனக்குச் சுகமாயிருச்சுன்னு சொல்ல வரல. செவ்வாக்கிழமை டொக்டர் மாத்தயா சொன்னாரு, ரெண்டு கிட்னியும் இனி பழைய மாதிரி வராதாம். பாதிதான் வேலை செய்யுதாம். அதுவும் குறைஞ்சுக்கிட்டுப் போகலாம், இப்பிடியே நிக்கவும் செய்யலாம், தன்னால சொல்ல ஏலாதுன்னாரு. இனி குழிக்கு எறங்கவே கூடாதாம். திரும்பவும் அந்த மெஷினுக்குப் போக வேண்டி வந்தாலும் வருமாம்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. வாங்கின் முதுகைப் பார்த்தே பேசினார். "இது எங்க வீட்டுல இன்னும் தெரியாது. வீட்டுல சொல்லப் பயம். இங்கன்னா அது சத்தம் போட முடியாது, அதான் இங்க வச்சு சொல்லுறேன்."

யாரோ ஒருவர் சிரித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நல்லாயிருச்சுன்னா அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நல்லாகாதுன்னு தெரிஞ்சப்பறம், பின்ன எப்பத்தான் சொல்லுறது? அதுக்குத்தான் வந்தேன். அவ்வளவுதான்." அவர் உட்கார்ந்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை. பிழைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லத் தெரியும், கோழிக்குச் சொல்லத் தெரியும், இதற்குச் சொல்லலாமா கூடாதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் ஐயாவே கையில் பிடித்த மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மெல்ல ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நான் சொன்னால் அவர்களும் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பயந்து பயந்து பொத்தி வைத்தேனே, பொத்தின கைக்குள் ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கிழமையே போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, மூச்சுக்கூட விடவில்லை, அப்படியும் போய்விட்டது. எழும்பினேன். குடையையும் எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பாஸ்டர் ஐயா பாட்டைத் தொடங்க, அது சுருதி சேராமல் இழுபட்டது.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. விடுவிடுவென்று வளைவு வரைக்கும் இறங்கிவிட்டேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி வரப் பார்க்கிறார், பாவி மனிசன். விழுந்துவிடுவாரே என்று நின்றேன். நின்றதும் அவ்வளவு கோபமும் வாய்க்கு வந்தது.

"நீங்க மனிசனா? நான் ஒங்களுக்கு யாரு? ஊருக்கெல்லாம் சொல்லுறீங்க, பாஸ்டருக்குச் சொல்லுறீங்க, எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்களா? கிளினிக்கால வந்து என் கையால பணிஸ் வாங்கித் தின்னீங்களே, அப்ப தொண்டையில எறங்குச்சா?"

அவர் ரோட்டோரத்து மதகில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். மூச்சு சமப்பட்டதும், "சொன்னா நீ பயப்படுவ" என்றார்.

"இப்ப மட்டும் பயப்படாம ஆடிக்கிட்டா நிக்கிறேன்?"

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்ல. இத்தனை நாளா நான் தனியாவுல்ல பயந்துக்கிட்டுக் கெடந்தேன்." அவர் குரல் உடைந்தது. கல்யாணமான இத்தனை வருசத்தில் அதுவும் நான் கேட்டிராத குரல். "ராத்திரி நீ முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கன்னு எனக்குத் தெரியும். நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒன் பக்கம் திரும்பினா தெரிஞ்சிரும்னு செவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன்."

நான் அழுதேன். மழையில் அழுவது ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை. இனி என்ன செய்வது, எத்தனை நாள், மெஷினுக்கு யார் கூட்டிப் போவது, இவர் இல்லாவிட்டால் அந்தக் காம்பராவில் நான் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது என்று வரிசையாக எல்லாம் வந்து நின்றது. ஒன்றையும் தள்ள முடியவில்லை. அவர் அருகில் போய் மதகில் உட்கார்ந்தேன். கீழே ஓடுகிற தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது.

அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஓர் அட்டை இரத்தம் குடித்து உருண்டு தொங்கியது. மழைக்காலத்தில் அட்டை கடிக்காத கால் தோட்டத்தில் எங்கே இருக்கிறது? நாங்கள் அதைச் சுண்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம், திரும்பியும் பார்க்க மாட்டோம். சுண்டிவிட்டேன். இரத்தம் நூலாக இறங்கியது. நிற்கவில்லை. கால் விரலிடுக்கில் போய், செருப்பை நனைத்து, மழைத்தண்ணீரில் கரைந்து ஓடியது. இரத்தத்தைக் குழாயில் விட்டுச் சுத்தம் பண்ணின உடம்பு, இதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்று எனக்குள் பதறியது. ரோட்டிலேயே முழங்கால் போட்டு, பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தேன்.

"அட்டைக் கடிக்கா புள்ள இப்பிடி?" என்று அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "எந்திரி. சேறு."

"அசையாம இருங்க."

விரலுக்கடியில் இரத்தம் சூடாக இருந்தது. விட்டு விட்டுத் துடித்தது. அவருடைய துடிப்பா என்னுடையதா என்று தெரியவில்லை. ஆண்டவரே என்று வாயில் வந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று தேடினேன். கேட்கிறதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டு முடித்திருந்தேன். ஸ்தோத்திரம் என்றேன். என் காதுக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். சொன்ன உடனே பயம் பிடித்தது, ஐயோ சொல்லிவிட்டேனே என்று. விரலை இன்னும் அழுத்தினேன். சூடு அப்படியே இருந்தது.

"என்னா சொன்ன?" என்றார்.

"ஒன்னுமில்ல." பிறகு இன்னும் ஒரு தடவை, அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன். அவர் என் தலையில் விழுகிற தூறலுக்குக் கையைக் குடையாக விரித்தார். நனைந்துதான் போயிருந்தேன், அந்தக் கையால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

மேலே கூட்டம் முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. எல்லோரும் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"ரத்தம் நின்னிருக்கும் புள்ள. எடுத்துப் பாரு" என்றார்.

வளைவில் முதல் குடை தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் விரலை எடுக்கவில்லை.